கோட்டையூர் பாக்கி

இரண்டு நாள் ஐஸ் பெட்டி வாடகையில்
ஒரு நாள் பாக்கி.
அந்த அம்மா தொட்டியைக் காட்டினார்.
"அவர் வளர்த்தது. எடுத்துக்கங்க,
என்னால பாக்க முடியல."
ஆம்னி வேனில், பெட்டி கிடந்த இடத்தில்
மோட்டார், குழாய், கூழாங்கல்,
வாளிக்குள் ஐந்து கோல்டு ஃபிஷ்.
ஒவ்வொரு வேகத்தடையிலும் முத்துராக்கு
பிணத்துக்குக்கூடக் காட்டாத மரியாதையோடு
வண்டியை ஏற்றி இறக்கினான்.

அது மாசியில்.
இன்று கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
காரைக்குடி, செக்காலையில் என் கடை.
சாமியானா, நாற்காலி, பெட்டி மூன்று,
எல்லாவற்றுக்கும் மேலே தகரம்.
கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானியில்
பத்து மணிக்கு முப்பத்தொன்று.
ஒரு மணிக்கு முப்பத்து நாலு.
ஐந்தும் மேலே வந்து
வாயைத் திறந்து மூடுகின்றன,
வட்டியை உதட்டுக்குள்ளேயே கூட்டுகிறவர்கள் போல.

மூடியை எடுத்தேன். விளக்கை அணைத்தேன்.
இரை போடவில்லை.
மேசை விசிறியைச் சாய்த்து
நீரின் முதுகில் ஊத வைத்தேன்.
ஒரு டிகிரி இறங்கியது,
கூடவே இரண்டு விரற்கடைத் தண்ணீரும்.
நேற்றே பிடித்து ஆறவிட்ட நகராட்சித் தண்ணீரைச்
சொம்பு சொம்பாய் ஊற்றி ஈடுகட்டினேன்.
சாக்கை நனைத்து வெயில் பக்கம் போர்த்தினேன்.
இரண்டேகாலுக்குக்
கரண்ட் போனது.

மீன் கடைப் பையன் போனில் சொன்னான்:
"ஐஸை நேரா போட்றாதீங்கண்ணே.
பாட்டில்ல உறைய வச்சு மிதக்க விடுங்க.
மணிக்கு ஒரு டிகிரி. அதுக்கு மேல எறங்குனா
பயத்துலயே போயிரும்."

உறைய வைக்கக் கடையில் ஃப்ரிட்ஜ் இல்லையே
என்று சொல்ல வாயெடுத்து
சுவரோரம் பார்த்தேன்.
இந்த வெயிலில் பெட்டிகள் கடையில் தங்குவதில்லை,
ஒன்று கண்டனூரில், ஒன்று தேவகோட்டையில்.
மூன்றாவது சும்மா நின்றது.

துடைத்தேன். ஜெனரேட்டரை இழுத்துவிட்டேன்.
ஒன்பது லிட்டர் பாட்டில்கள்
கண்ணாடி மூடிக்குள் மல்லாந்து படுத்தன.
பழக்கதோஷம்,
மூடிகள் எல்லாம் தெற்குப் பக்கம்.
சோறு கொண்டுவந்த வள்ளிக்கண்ணு
பெட்டியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்,
பிறகு டீசல் எவ்வளவு இருக்கிறதென்று
எட்டிப் பார்த்தாள். கேட்கவில்லை.

நாலரைக்குப் பள்ளத்தூரிலிருந்து போன்.
மகள் துபாயிலிருந்து வர வேண்டுமாம்.
பாட்டில்களை அள்ளி வெளியே வைத்தோம்.
ஓரத்தில் பனிக்கட்டி,
நடுவில் இன்னும் ஆடுகிற நீர்.
இரண்டைத் தொட்டியில் மிதக்கவிட்டு
மிச்சத்தைச் சாக்கில் சுற்றி
வள்ளிக்கண்ணுவிடம் சொன்னேன்:
"முப்பதுக்குக் கீழ போனா எடுத்துரு."

பள்ளத்தூர் வீட்டில் பெட்டியைத் திறந்ததும்
பேரனோ யாரோ, உள்ளே கைவைத்து
"இப்பவே சில்லுனு இருக்கே" என்றான்.
"ஓட்டிப் பாத்துட்டுத்தான் கொண்டுவருவோம்" என்றேன்.
முத்துராக்கு
அவசரமாக வாசலுக்குப் போய்விட்டான்.

திரும்ப எட்டு மணி.
கரண்ட் வந்திருந்தது, விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
முப்பதரை.
டார்ச் அடித்து எண்ணினேன். நாலு.
மறுபடியும் நாலு.
பாட்டிலைத் தள்ளியதும் அதன் பின்னாலிருந்து
ஐந்தாவது, தூக்கம் கலைந்த எரிச்சலோடு வந்தது.

ராத்திரி கணக்கெழுதும்போது
டீசல் ஒன்றரை லிட்டரை
எந்தத் தலைப்பில் போடுவதென்று தெரியவில்லை.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கோட்டையூர் பாக்கி என்று எழுதி
வரவுப் பக்கத்திலா, செலவுப் பக்கத்திலா
என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.