பதிமூணு டிகிரி

பெரும்பாக்கத்தில் எங்கள் பிளாக்குக்கும்
பக்கத்து பிளாக்குக்கும் நடுவே
வரைபடத்தில் ஒரு பூங்கா இருந்தது.
தரையில் இருந்தவை:
மழையில் ஊறிய மெத்தைகள்,
உடைந்த வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று,
அதன் நிழலில் குட்டி போட்ட நாய்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
சோழிங்கநல்லூரிலிருந்து கம்பெனி வேன்
முனையில் இறக்கிவிடும்போது
மணி பதினொன்றே முக்கால்.
அங்கிருந்து எங்கள் படிக்கட்டுக்கு
இருநூற்றுப் பத்து தப்படி.
இருட்டில் நடப்பவளுக்கு
எண்ணுவது ஒரு துணை.

கார்ப்பரேஷன் கம்பம் உண்டு.
எரிந்து யாரும் பார்த்ததில்லை.
மனு எண் என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?

மெத்தைகளை அப்புறப்படுத்தவே மூன்று ஞாயிறு போனது.
பதினெட்டு புங்கங்கன்று வைத்தோம்,
நாலை ஆடு மேய்ந்தது.
கறிவேப்பிலைதான் வேண்டுமென்று
ஏசுமேரி அக்கா அடம்பிடித்து நட்டாள்.
இன்று அதில் இலையைவிட
பறிக்கிற கைகள் அதிகம்.

தண்ணீர் கேன் போடும் டில்லிபாபு
ரிச்சி தெருவில் பேரம் பேசி
ஓரம் விரிசல்விட்ட சோலார் பேனல் ஒன்றை
கேன்களோடு கேனாகக் கட்டிவந்தான்.
செல்போனில் திசை பார்த்தான்.
"தெக்கே பாக்கணும். பதிமூணு டிகிரி சாய்வு.
அவ்ளோதாங்க்கா, வேற வித்தை ஒண்ணுமில்ல."

அப்போதுதான் கவனித்தேன்.
கூவம் கரையிலிருந்து லாரியில் வந்த நாங்கள்
எதைப் பேசினாலும் வடக்கே கை காட்டுவோம்.
இங்கே தெற்கே பார்த்து உட்கார்ந்த முதல் ஆள்
இந்தப் பலகைதான்.

நாலு விளக்கு.
மொத்த வெளிச்சத்தையும் கூட்டினால்
கல்யாண மண்டபத்து வாசலில்
ஒரு சீரியல் செட்டுக்குக் காணாது.
ஆனால் எது கல், எது நாய் என்று தெரிந்தது.
அன்று நான் எண்ண மறந்துபோனேன்.

பேனலைத் துடைக்க மாடிக்கு ஒரு நாள் முறை.
சுவரில் கரியால் எழுதினோம்.
ஆறாவது மாடி அடிக்கடி தவறும்.

அக்னி நட்சத்திரம் ஏழாம் நாள்
பேட்டரியைக் காணோம்.
வயரை வெட்டவில்லை,
பதமாகக் கழற்றியிருந்தது.

சத்துமாவு கொடுக்கப் போன தாட்சாயணிதான் பார்த்தாள்.
ஆறாவது மாடி,
பில் கட்டாமல் ஃபீஸ் பிடுங்கிய வீடு.
கட்டிலுக்கு அடியில் நம் பேட்டரி,
அதிலிருந்து ஒரு சிவப்பு வயர்,
வயரின் முனையில் உள்ளங்கை அகல ஃபேன்,
ஃபேனுக்கு எதிரே
பிறந்து பத்தொன்பது நாளான ஒன்று.

"போலீஸ்ல சொல்லிருவோம்" என்றான் டில்லிபாபு.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டான்:
"ஃபேன் எத்தினி வாட்டு?"
பன்னிரண்டு இருக்கும் என்றாள் அவள்.
"ரெண்டு ராத்திரிக்குக்கூட தாங்காதே.
சார்ஜுக்கு எங்க போவா?"

மறுநாளிலிருந்து
காலையில் கேன் ஏறும், பேட்டரி இறங்கும்.
பகலெல்லாம் வெயில் குடிக்கும்.
அந்தி சாய பேட்டரி ஏறும், காலிக் கேன் இறங்கும்.
அந்த வீட்டுக் கதவு
பேட்டரி அகலத்துக்கு மட்டுமே திறந்ததாம்.

சீட்டு விழுந்து இரண்டாவது பேட்டரி வாங்க
இருபத்தொரு இரவு ஆனது.
இருபத்தொரு இரவும் எண்ணி நடந்தேன்.
பொய் சொல்லமாட்டேன், கோபம் இருந்தது.
அவள் கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா என்பது
நூற்றெண்பதாவது தப்படியில் வரும்.
மீதி முப்பதையும்
ஆறாவது மாடி ஜன்னலைப் பார்த்தபடி கடப்பேன்.
அவ்வளவு சின்ன ஃபேன்,
கீழே சத்தம் எங்கே கேட்கும்.

இன்று மூன்றாவது மாடி முறை, அதாவது நான்.
காக்கை எச்சம், மெட்ரோ வேலைத் தூசி,
ஒரு புங்கம்பூ ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பூவை மட்டும் ஊதிவிட்டு
துணியை நனைக்கிறேன்.

நேற்றைய தூசியும் இதில் இருக்கிறது.
நேற்று ஆறாவது மாடி முறை.