பாதிக் கடல்

கடல் என்று சொல்ல
எங்கள் வீட்டில் இரண்டு கை வேண்டும்.
இடக்கை கரை.
வலக்கை வந்து வந்து போகும்.

லியெபாயாவில், மூன்றாம் மாடியில்,
காது கேளாத இரண்டு பேர்
இருபத்தோரு வருடமாகக்
கண்ணால் கேட்டுக் குடித்தனம் நடத்துகிறோம்.
அவள் ஸ்கைத்ரீதே. நான் வில்னிஸ்.
இந்தப் பெயர்களை நாங்கள் பயன்படுத்துவதில்லை.
என் பெயர்
புருவத் தழும்பைத் தொடும் ஒரு விரல்.

கைபேசி மேல் எனக்குக் கோபமில்லை,
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
கப்பல் பட்டறையில், மதிய ரொட்டிக்கு நடுவே
அவள் முகம் வந்து பேசியது அதனால்தான்.
அதற்கு முன்பெல்லாம் மாலை ஐந்து மணி வரை நான்
வெல்டிங் முகமூடிக்குள் கட்டிவைத்த பொட்டலம்.
என்ன, அந்தச் சின்னச் சட்டத்துக்குள்
கடல் அடங்காது.
கரை உள்ளே நிற்கும்,
அலை வெளியே போய்விடும்.

பிறகு அது ராச்சாப்பாட்டுக்கும் வந்தது.
காதுள்ளவர்கள் திரையைப் பார்த்தபடியே
"ம்" கொட்டலாம்.
எங்களுக்கு அந்த "ம்" கிடையாது.
நான் குனிந்தால்
அவளுக்கு வாய் போயிற்று, எனக்குக் காது போயிற்று.
ஒரு கையில் கைபேசி, மறு கையில் பேச்சு:
சாவி எங்கே,
பால் தீர்ந்தது,
பாதி நன்றி,
கரையில்லாத கடல்.

கூப்பிட, மேசையைத் தட்டுவோம்.
ஓக் பலகை. முழங்கை வழியே வந்து சேரும்.
அவள் தட்டு இரண்டு, கொஞ்சம் அவசரம்.
அதே பலகையில் கிடந்து கிடந்து
கைபேசியும் அப்படியே நடுங்கக் கற்றுக்கொண்டது.
அவள்தான் என்று நிமிர்வேன்:
காலணி பாதி விலை.
ஏமாந்து ஏமாந்து
நிமிர்வதை விட்டேன்.

நவம்பர். காற்று ஜன்னலை அமுக்கிக்கொண்டிருந்த இரவு.
எந்த ஊரிலோ எவனோ
படகுக்குச் சாயம் பூசுவதை
நாற்பது நிமிடமாகப் பார்த்திருந்தேன்
(பகலெல்லாம் கப்பலைப் பார்த்தது போதாமல்).
சார்ஜ் தீர்ந்தது.
கறுத்த கண்ணாடியில் என் முகம்,
அதன் தோளுக்குப் பின்னே
இரண்டு கைகள்.

அடுப்பருகே ஒருக்களித்து நின்று
யாரிடமும் இல்லாமல்
அவள் பேசிக்கொண்டிருந்தாள்.
கண்ணாடியில் இடம் வலமாகி
கரை அசைந்தது, அலை நின்றது.
டிராம் என்பது புரிந்தது.
யாரோ தவறான இடத்தில் இறங்கியது.
அப்புறம் ஒரு சிரிப்பு, தோள் குலுங்க.
அப்புறம், தழும்பில்லாத அவள் புருவத்தில்
என் பெயர்.

திரும்பி,
இன்னொரு முறை சொல் என்றேன்.
ஒன்றுமில்லை என்றாள்.
அதற்கு ஒரு கை போதும்.

இப்போது இரண்டு கைபேசியும்
என் பழைய கம்பளித் தொப்பிக்குள், பீரோ மேல்.
நடுங்கினால் தொப்பியோடு போகட்டும்.
மேசை மூன்று நாள் சும்மா கிடந்தது.
எதிரெதிரே உட்கார்ந்து
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ரொட்டித் துணுக்கை உருட்டினோம்.

நான்காம் இரவு, பீட்ரூட் சூப் ஆறும் நேரம்,
முழங்கையில் இரண்டு.
கொஞ்சம் அவசரம்.

டிராம் கதை இன்னும் வரவில்லை.
உப்பு கேட்டாள்.
இரண்டு கையாலும் கேட்டாள்.