தனிப்படம்

ஏகாம்பரம் வீதியில், பற்பசை விளம்பரத்துக்குக் கீழே
என் கடை. நீலத்திரை, ஒரு கதிரை, இரண்டு விளக்கு.
திருக்கடலூரிலிருந்து வந்திருக்கிறார் வீரவாகு,
கரைவலைக்காரர். அட்டை துலைஞ்சு போச்சுதாம்.
இருத்திவிட்டுக் கமராவுக்குள் பார்த்தால்
ஆள் சட்டத்தின் ஓரத்தில்.
நடுவுக்கு வாங்கோ என்றேன். வந்தார்.
மறுபடி நகர்ந்துவிட்டார்,
பக்கத்தில் ஐந்தாறு பேருக்கு இடம் விட்டு.

தனியப் படம் எடுத்ததே இல்லையாம்.
வலை இழுக்கையில்
எத்தனை கை என்பதுதான் கணக்கு,
எவர் கை என்பதல்ல.

விளக்கைத் திருப்புகிற சாட்டில் யோசிக்கிறேன்.

கன்னியாவில் கிணறு கட்டாத காலம்.
ஏழு ஊற்று, ஏழு சூடு.
ஒருத்தி குனிகிறாள். உள்ளே ஒருத்தி.
பயந்து அடுத்ததற்கு ஓடுகிறாள், அங்கேயும்.
கடைசி ஊற்றில்
தன்னைப் போலவே மூச்சு வாங்குகிற
ஏழாவது பெண்ணைக் கண்டபோதுதான்
கையை மெல்ல நெற்றிக்குக் கொண்டுபோயிருப்பாள்.
அந்தச் சந்தேகத்துக்கு அப்போது சொல் இல்லை.

சொல் வந்தும் நெடுங்காலம்
அது அரண்மனைச் சாமான்.
அரசன் ஒருவனே யாம் என்று பலராய்க் கல்லில் நிற்க,
விளக்குக்கு நெய் கொடுத்தவள்
இன்னாரின் மகள், இன்னாரின் மனையாள், இன்னாரின் தாய் என
வரி முடியுமட்டும் நீண்டு
தன் பெயருக்கு வரும்போது
கல்லின் ஓரம் உடைந்திருந்தது.

பிறகு எவனோ
உதடு அசையாமல் வாசிக்கப் பழகினான்.
அன்றிரவே அந்த வீட்டில் ஓர் அறை கூடியது.
பக்கத்தில் படுத்திருந்தவளும்
நுழைய முடியாத அறை.

எங்களூருக்கு அது சட்டைப்பையில் வந்தது,
பிளாஸ்டிக் உறை போட்டு.
மடத்தடிச் சந்தியில் வரிசையாய் நின்று
ஆர் நீ என்றவனிடம் வாய் திறக்காமல் நீட்டுவோம்.
அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற நேரம்
எனக்குள் எவரும் இல்லை.
திருப்பித் தந்ததும் வந்து சேர்வேன்,
கொஞ்சம் குறைவாக.

பழந்தமிழில் யான் என்றுதான் இருந்ததாம்.
அருகில் கிடந்த நாமிடம்
ஓர் எழுத்துக் கடன் வாங்கி
நான் ஆனதாம்.
பாஸ்போட் படத்துக்கு வந்த அன்று
கிண்ணியா ஜெஸீமா ரீச்சர் சொன்னா.
கடன் அடைபட்டதா என்று
கேட்க மறந்துபோனேன்.

நிமிருங்கோ. இரண்டு காதும் தெரியவேணும்.
சிரிக்கக் கூடாது, சட்டம்.
வெளியே ஒரு லொறி போனது.
ஒரு கணம், ஒரே கணம்,
வீரவாகுவின் தோள்கள்
எவரையும் தேடாமல் நின்றன.
அமத்தினேன்.

சூடு ஆறாத நாலு முகம்.
கந்தோருக்கு ரெண்டு காணும் என்றேன்.
வெட்டி வைத்த தாளை விரலால் எண்ணினார்.
ஒருக்கா என்னைப் பார்த்தார், ஒருக்கா திரையை.

"அப்ப மற்ற ரெண்டு பேரும்
என்னோடயோ வருகினம்?"