இடது கைக்கு ஒரு கத்திரி

மூன்று கடை ஏறி இறங்கினேன்.
கொழிஞ்சாம்பாறையில் எடுத்துக் காட்டியது
ரோஜாச்செடிக்கானது. வளைந்த அலகு,
பாதி நகத்தைக் கடித்துவிட்டு யோசித்து நிற்கும்.
வேலந்தாவளத்தில் கோழிக்கடைக் கத்திரி.
செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி போகலாம்தான்,
போய்வர ஒரு நாள், பால் கறக்க யார்?
கடைசியில் நாட்டுக்கல் சைதலவி
மேஜைமேல் நாலு வைத்தார்.

ஒவ்வொன்றாய்க் காற்றை வெட்டிப் பார்த்தேன்.
ஒன்றின் பிடி அகலம்,
விரல் போய்ச் சேருவதற்குள் வில் தள்ளிவிடுகிறது.
ஒன்று வழுவழுப்பு.
ஆட்டுக்கொட்டகையில் என் கை எப்போது காய்ந்திருக்கிறது?
நேரான அலகு, கூரான நுனி, ரப்பர் ஏற்றிய ஆரஞ்சுப் பிடி:
இதுதான் என்றேன்.
ஆனால் அதன் பூட்டு வலது கட்டைவிரலுக்கு வைத்தது.
இடக்கையில் பிடித்தால் உள்ளங்கை பட்டுப் பட்டு
வெட்டுக்கு நடுவே தானாக மூடிக்கொண்டது.

“கத்ரிகைக்கு எடதும் வலதும் உண்டோ, சேச்சீ?”

சோறு தின்ன மட்டும்தான் வலதைப் பழக்கினார்கள் என்றேன்.
முந்நூற்று நாற்பது. முப்பது குறைத்தார்.
வீட்டில் அரத்தால் பூட்டின் தலையைத் தேய்த்தெறிந்து
சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி மாட்டினேன்,
மூடி வைக்க அது போதும்.

எந்தக் கடையிலும் கிடைக்காதது
பிடிக்க ஒரு ஆள்.

ஒரு கை காலை மடக்கும். ஒரு கை வெட்டும்.
தலைக்கு?
கலெக்டர் என்று நான் பெயர் வைத்த பெட்டை
இரண்டு தடவை என்னைத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்தாள் ஜெபமணி.
என் ஓரகத்தி.
பதினாறு மாதமாகப் பேச்சில்லை.
குடும்பஸ்ரீ கடனில் ஒரு தவணை,
அதைக் கட்டியது யார் என்பதில்.
அவளுடைய ஏழு ஆடும்
கால் மாற்றிச் செருப்புப் போட்டதுபோல் நடக்கின்றன.

படலைத் திறந்து வந்தாள்.
கலெக்டரின் கழுத்தைத் தன் முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தி
தாடைக்கு அடியில் கை கொடுத்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.

ராத்திரி மழை. நகம் ஊறி இளகியிருந்தது,
மீனத்து வெயிலில் என்றால் கல்லை வெட்டியிருப்பேன்.
நுனியால் கீறி அழுக்கெடுத்தேன்:
சாணி, மாங்கொட்டைத் தும்பு, ஒரு ஆணித்தலை.
உள்ளே மடிந்து வளர்ந்த ஓரத்தின் அடியில்
கறுப்பாய் ஒரு குழி. அந்த நாற்றம்
இரண்டு நாள் சோற்றிலும் வரும்.
ஓரத்தை நிமிர்த்தி வெட்டினேன்.
பிறகு அடிப்பாகம், சீவல் சீவலாக.
வெள்ளை.
வெள்ளை.
இன்னும் வெள்ளை.
இளஞ்சிவப்பு தெரிந்தால் நிறுத்தவேண்டும் என்று
மிருகாசுபத்திரியில் சொன்னது
மூன்றாம் காலில், ரத்தம் வந்தபிறகு ஞாபகம் வந்தது.

“போதும்,” என்றாள் ஜெபமணி.
ஆட்டிடமா என்னிடமா தெரியவில்லை.
மஞ்சளை அப்பி அழுத்திப் பிடித்தேன்.
மூன்று பேரும் அப்படியே
மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

நாலாம் காலில் அவசரப்படவில்லை.
மயிர் முடிகிற கோடு எப்படிப் போகிறதோ
அடிநகமும் அப்படியே போகவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.
இறக்கிவிட்டதும் கலெக்டர் சிமெண்டில் நாலடி வைத்தாள்,
நின்றாள்,
தன் காலைத் தானே மோந்து பார்த்தாள்.

ஜெபமணி கத்திரியைப் பார்த்தாள். என் இடக்கையைப் பார்த்தாள்.
“ஏழு இருக்குது,” என்றாள் சுவரிடம்.

பொட்டாஷ் கரைத்த தண்ணீரில் அலகை முக்கினேன்.
என் கொட்டகை அழுகல் அவள் கொட்டகைக்குப் போகக்கூடாது.
ஏழு ஆடு, இருபத்தெட்டு கால்,
காலுக்கு இரண்டாக ஐம்பத்தாறு நகம்.
தவணை நானூற்றைம்பது ரூபாய்.
நகத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று
படலைத் தாண்டும்போதே
மனசு வகுத்துப் பார்த்துவிட்டது,
நான் சொல்லியும் கேட்காமல்.