சிக்கியது

திங்கள் முதல் சனி வரை
மெஜஸ்டிக் மெட்ரோவில், பெண்களுக்கான திரைக்குப் பின்னால்,
கையில் கறுப்பு மட்டையோடு நிற்கிறேன்.
கையை விரி, திரும்பு, போ.
தாலிக்கும் கத்திக்கும் அதற்கு ஒரே குரல்.

ஞாயிறன்று மட்டும்
மட்டைக்குக் கால் முளைத்துவிடும்.
தவணையில் வாங்கிய நீளக் கருவி,
காதில் ஹெட்போன், பையில் களைக்கொத்தி,
தேவனஹள்ளி பஸ்ஸில் கடைசி சீட்டு.

சொண்ணப்பாவின் திராட்சைத் தோட்டம்.
கோட்டையைப் பிடிக்கப் போன பட்டாளம்
இங்கேதான் மாட்டை அவிழ்த்துப் படுத்ததென்று ஒரு பேச்சு.
எந்தப் பட்டாளம், எந்த வருஷம் என்றால்
ஆளுக்கொன்று சொல்வார்கள்.
கொடிகளை வெட்டியாயிற்று. கல்தூண்கள் மட்டும்
வரிசை கலையாமல் நிற்கின்றன.
அடுத்த மாதம் ஜேசிபி வரும், பிறகு லேஅவுட்.
"அதுவரைக்கும் தோண்டிக்கோம்மா,
குழியை மட்டும் மூடிடு."

தூங்கும் பிள்ளைக்கு விசிறுவதுபோல
தரையை ஒட்டி வீச வேண்டும்.
இரும்பென்றால் உறுமும்.
செம்பென்றால், பித்தளையென்றால், கீச்சென்று கூவும்.
குட்கா பாக்கெட்டின் உள்தாளுக்கும் அதே கூவல்தான்,
பாதி ஞாயிறு அதிலேயே போய்விடும்.

முதல் வாரம் பீர் மூடிகள், ஒரு லாடம்,
டிராக்டர் போல்ட்டு,
சுண்டைக்காய் அளவில் ஓர் ஈயக் குண்டு.
பட்டாளம் படுத்தது நிஜம்தானோ.

மறுவாரம், கிழக்கு மூலை, ஒரு சாண் ஆழத்தில்
யானைக்காசு.
தேய்க்கக் கூடாதென்று தெரியும்.
எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
தும்பிக்கை மழுங்கிவிட்டது, வால் மட்டும் நேற்று அடித்ததுபோல.
எவன் இடுப்பு முடிச்சிலிருந்து நழுவியதோ,
அன்று ராத்திரி எவனைச் சந்தேகப்பட்டானோ.

"ஏனாதரு சிக்தா?"
தூரத்திலிருந்தே கேட்டபடி வந்தார் சொண்ணப்பா.
அவர் பாஷையில் சிக்கினால் கிடைத்தது,
என் பாஷையில் சிக்கினால் மாட்டிக்கொண்டது.
ரெண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டினேன்.

அவர் வந்து நின்ற இடத்தில்,
ஆறாவது தூணின் காலடியில்,
கருவி வீறிட்டது.
அள்ள அள்ள மண் நீலமாக வந்தது:
இருபது வருஷம் தெளித்த மயில்துத்தம்.
அதற்கும் கீழே
மருந்தடிக்கும் பம்பின் பித்தளை நாசில்,
கழுத்தில் பாசிப்பச்சை, வாய் நிறைய மண்.

வாங்கித் திருப்பிப் பார்த்தார்.
அடியில் ஆணியால் கீறிய ஒற்றை எழுத்து, 'சொ'.
தூணைப் பிடித்தார்.
பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெய்வசிகாமணி" என்றார்.
ராயக்கோட்டைப் பக்கத்து ஆள்.
அவன் மருந்தடித்தால் ஓர் இலை தப்பாது.
நாசில் தொலைந்த அன்று
அவன் பையைத்தான் கொட்டிப் பார்த்தார்கள்.
ரெண்டு சட்டை, ஒரு சீப்பு,
மகளுக்கு வாங்கிய ரிப்பன்.
அதில் இல்லையென்றால் விற்றுவிட்டான் என்று முடிவாயிற்று.
மூணு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டு
மழையிலேயே அனுப்பிவிட்டார்கள்.

"அனுப்பிட்டேன்" என்று
தன்னைத் தானே திருத்திக்கொண்டார்.

என் உள்ளங்கையில் யானை நின்றுகொண்டிருந்தது.
அவர் அதைப் பார்க்கவே இல்லை.
ராயக்கோட்டைக்கு எந்த பஸ் என்று கேட்டார்.
ஓசூர் போய் மாறணும் என்றேன்.
இப்போது அவனுக்கு என்ன வயசிருக்கும் என்று
என்னிடம் கேட்டார்.

குழியை மூடக் குனிந்தேன்.
"வேணாம்மா, இருக்கட்டும்."

திங்கட்கிழமை, எட்டரை மணிக் கூட்டம்.
நீலச் சுடிதார்ப் பெண்ணருகே மட்டை கூவியது.
நான் கேட்கும் முன்பே
பையின் ஜிப்பில் கை வைத்தாள்.
என் சட்டைப் பையில் யானைக்காசு,
தாசில்தார் ஆபீசுக்கு எந்த லீவில் போவதென்று தெரியாமல்
இன்னும் அங்கேயே.

மூடிக்கோ, போ என்றேன்.
மட்டை யாரைப் பார்த்துக் கூவியதென்று
சத்தியமாக எனக்குத் தெரியாது.