நாற்பத்தொன்றாம் புட்டி

மண்டபம் ரயில்வே கேட்டுக்குப் பின்னால்
இரண்டு அறை. ஆட்டோகிளேவ் பழுது;
பிப்ரவரியிலிருந்து கிருமிகள் சாவது பிரஷர் குக்கரில்.

தக்காளி இலையைச் சுண்டுவிரல் நக அளவு நறுக்கி
புட்டிக்குள் படுக்கவைப்பேன்.
மூன்றாம் வாரம் அது இலையில்லை.
வேருமில்லை தண்டுமில்லை,
ஊறிய அவலைப் பிசைந்து வைத்தாற்போல் ஒரு திரள்,
என்னவாவது என்று இன்னும் முடிவெடுக்காதது.
அந்த நேரம் பார்த்துத்தான் உப்பைக் கொடுக்கிறோம்.

லிட்டருக்கு மூன்று கிராம். ஆறு. ஒன்பது.

ஒன்பதில் கறுத்தவை இருநூற்றுப் பன்னிரண்டு.
நாற்பத்தொன்று மட்டும் ஓர் ஓரமாய்ப் பச்சை கட்டியது.
ஜெய்லானி சார் அதை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கி
வெகுநேரம் பார்த்தார்.
"பழக்கமா, பிறவியா?" என்றார்,
என்னிடம் இல்லை.

புட்டியில் கெட்டியாய் நிற்கும் கூழ், அகர்.
டப்பாவில் வடக்கத்தி முகவரி.
விரல்களில் துணி சுற்றிக்கொண்டு
முயல்தீவுப் பக்கம் மூழ்கி
என் மதினி நம்புச்செல்வி பறிக்கிற பாசி
கிலோக் கணக்கில் ரயிலேறி
கிராம் கணக்கில் திரும்புகிறது.
அவளிடம் விலையைச் சொன்னதில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.
சரி, சுடுகாட்டுக்கு அப்புறம்?
எங்கள் ஆராய்ச்சி முழுக்க அந்த ஒரு கேள்விதான்:
உப்பைத் தின்று பழகிய இந்தத் திரள்
விதைக்குள் அதை எழுதி வைத்ததா, இல்லையா.

திரளைச் செடியாக்க ஏழு மாதம்.
உச்சிப்புளியில் சேதுராக்குவின் கொல்லை;
போர் தண்ணீரில் வாய் கொப்பளித்தாலே கரிக்கும்.
நட்டது ஒன்பது. நின்றது ஒன்று.
காய்த்தது இரண்டு, கோலிக்குண்டு அளவு.

அதில் ஒன்றை
சேதுராக்கு நகரைக் குழம்பில் போட்டுவிட்டாள்.
"செவந்திருந்துச்சு, பறிச்சேன்."
சார் பேசவில்லை. பைக்கை மட்டும் இரண்டு முறை உதைத்தார்.
கிளம்பும்போது அவளே கேட்டாள்:
"உப்புத் தக்காளின்னு சொன்னீக,
நம்பிக் கொறச்சுப் போட்டேன்,
கொழம்பு சப்புன்னு ஆயிப்போச்சே?"

வண்டியை அணைத்தார்.
வேர் வாசலிலேயே மறித்திருக்கிறது போல.
நோட்டில் நான்தான் எழுதினேன்:
கனியில் உப்பு ஏறவில்லை. சான்று: குழம்பு.

மிச்சப் பழத்தில் பதினோரு விதை.
ஒன்பது கிராமில் நனைத்து இன்று நான்காம் நாள்.
ஈரத்தாளில் ஒன்று லேசாக உப்பியிருக்கிறது.

செத்த விதையும் தண்ணீர் பட்டால் உப்பும்.