மாற்று ரத்தம்

சயான் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில்
என்னுடையது பி,
செண்பகவல்லிக்கு ஓ.
"பரவாயில்லை, இதைக் கொடு, அதை எடுத்துப் போ"
மராத்தியில் சொன்னாள் நர்ஸ்,
நரம்பைத் தட்டியபடி.
ஒரு பாட்டில் போனது. ஒரு பாட்டில் வந்தது.
நடுவே எனக்கொரு பிஸ்கட் பாக்கெட்.

இரவு கல்யாண் லோக்கலில்
மூவர் இருக்கையில் நாலாவதாய்
ஒற்றைத் தொடைக்கு இடம் விட்டவரை
உற்றுப் பார்த்தேன்.
இவருடையதோ?
குர்லாவில் முட்டிமோதி இறங்குகிற
யாரோ ஒருவனுக்குள்
என்னுடையதும் இறங்கிப் போகிறதோ?

நன்றி சொல்ல முகவரி கிடையாது.
கேட்டும் யாரும் வரப்போவதில்லை.

எட்டாம் நாள்,
பொம்பில் கருவாட்டு வாடைக்குப் பயந்து
மார்க்கெட்டையே சுற்றிக்கொண்டு போகிறவள்
மெல்லக் கேட்டாள்:
"கொஞ்சம் பொம்பில் வறுத்துத் தருவீங்களா?"

யாருடைய பசியோ.
பையை எடுத்துக்கொண்டு
வாங்கப் போனேன்.